ஒட்டுத்துணிப் போர்வை

(தங்கச்சிமடத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"போர்வையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா?" என்று, நம்மை இங்கே அழைத்து வந்த நண்பர் வழியிலேயே கேட்டுவிட்டார். பாம்பன் பாலத்தைத் தாண்டி வரும்போதே சட்டை நனைந்துவிடும் வெயிலில் அவர் அவ்வாறு கேட்டது நியாயமே. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும் சில இரவுகளையும், படகிலேயே இரவைக் கழிக்கும் மீனவ அன்பர்களையும் நீக்கிவிட்டால், இத்தீவில் போர்வைக்கு அதிக வேலை இல்லை. ஆனால் நாம் பேச வந்தது குளிரைப் பற்றி அன்று. வீடுதோறும் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும் துணியைப் பற்றியே பேச வந்தோம்.

எந்த வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய காலத்தில் அது தகரப் பெட்டி. இப்போது இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு. அதில் என்னென்ன இருக்கும் என்று தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாவாடை தைத்தபோது மிஞ்சிய முக்கால் முழம். கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, எதற்கும் போதாமல் வைத்துவிட்ட துண்டு. ஓரம் கிழிந்து, நடுப்பகுதி நன்றாகவே இருக்கும் சுங்குடிச் சேலை. பிள்ளை வளர்ந்துவிட்டதால் சிறுத்துப்போன சட்டை. யாரோ ஒருவரின் நினைவாக எடுத்து வைத்தது. எறிய மனம் வராது, உடுத்தவும் இயலாது. "என்றைக்காவது உதவும்" என்று மடித்து வைக்கிறோம். அந்த என்றைக்காவது என்னும் நாள் வருவதற்குள் கரப்பான் பூச்சி வந்துவிடுகிறது.

இவ்வாறு சேர்த்து வைப்பதை நாம் குறை கூற வரவில்லை. துணியின் அருமை தெரிந்தவர்களே சேர்த்து வைப்பார்கள். இங்கே வந்திருக்கும் விவசாய அன்பர்களில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்தில் பருத்தி போடும் உறவினர் உடையோர் இருக்கக்கூடும். ஒரே ஒரு பனியன் சட்டைக்கு வேண்டிய பஞ்சு விளைந்து துணியாகி வருவதற்குள் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர். குடத்துக்குக் குடம் எண்ணித் தண்ணீர் பிடிக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு அந்தக் கணக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

ஆகவே துணியை வீணாக்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வேண்டாத துணியை இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பழந்துணியைப் பிறர் கையிலிருந்து பெறுவது எத்தகையது என்பதை இந்தக் கடற்கரை அறியும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியைக் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. உடுத்திய துணியோடு தப்பி வந்தவர்களுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் துணிமணிகள் வந்து சேர்ந்தன. அப்போது சிறுவராயிருந்த முதியவர் ஒருவர் நம்மிடம் கூறியதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவர் பங்குக்குக் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டு. பொத்தான் ஒன்றுகூட இல்லை. "கொடுத்தவர்கள் நல்லவர்கள்தாம்; ஆனால் என்னைப் பார்த்துக் கொடுக்கவில்லை, பெட்டியைப் பார்த்துக் கொடுத்தார்கள்" என்றார் அவர். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கோட்டு அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கைத் தீவின் மறைவினால் இத்தீவு பெரும்பாலும் தப்பியது. நாகப்பட்டினமும் கடலூரும் பேரழிவுக்கு உள்ளாயின. அப்போதும் லாரி லாரியாகத் துணி வந்தது. கடற்கரைப் பெண்கள் உடுத்தும் வழக்கமே இல்லாத ஆடைகளும், அழுக்கும் கிழிசலுமான ஆடைகளும் அவற்றில் கலந்திருந்தன. வீட்டை இழந்தவர்கள் மானத்தை இழக்கவில்லையே! எடுப்பாரின்றி அத்துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன. டெல்லியிலிருந்து இயங்கும் 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனத்தார் அவற்றைச் சேகரித்துத் தரம் பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றும் வேலையில் ஈடுபட்டனர். அதன் நிறுவனரான அன்ஷு குப்தா அவர்களுக்கு 2015ஆம் ஆண்டில் மகசேசே விருது வழங்கப்பட்டது. பழந்துணியைக் கொடுக்கும்போது பெறுபவரின் மானத்தை மறக்கலாகாது என்பதே அவர் இடைவிடாது வற்புறுத்தி வரும் கருத்தாகும்.

அதே ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த இன்னொரு முயற்சியும் உண்டு. நமது பொருளுக்கு அதுவே மிகவும் நெருங்கியது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தி வரும் உமா பிரஜாபதி அவர்கள், சுற்றுப்புற மீனவக் கிராமங்களின் பெண்களுக்கு என்ன செய்யலாம் என்று எண்ணினார். கடலைக் கண்டாலே அஞ்சி, கைவேலை எதுவுமின்றி அப்பெண்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. தையற்கூடத்தில் வெட்டி மிஞ்சிய சிறு சிறு துண்டுகளே அவரிடம் இருந்தன. அவற்றைக் கொண்டு விரல் நுனியளவான பொம்மை ஒன்றைச் செய்யக் கற்றுக் கொடுத்தனர். 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர். பல நூறு பெண்கள் அதைச் செய்தனர். பல இலட்சம் பொம்மைகள் உலக நாடுகளுக்குச் சென்றன. இதில் வியப்புக்குரியது, அந்தப் பொம்மைக்கு விலையே வைக்கவில்லை என்பதுதான். அது விற்பனைக்கு அன்று. பரிசாக மட்டுமே கைமாறும். பெற்றவர்கள் விரும்பி அளித்த நன்கொடையிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. நேற்றுவரை பிறர் கொடுத்த பழந்துணிக்குக் கை நீட்டியவர்கள், இன்று உலகத்தார்க்குத் தம் கையால் ஒரு பரிசைக் கொடுத்தார்கள். துணி அதே கந்தல்தான். கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிவிட்டனர்.

இதனால்தான் நாம் சொல்கிறோம்: பெட்டியிலுள்ள துணியை அப்படியே எடுத்துக் கொடுப்பது பாரத்தை இறக்கி வைப்பது. இன்னாருக்கு என்று மனத்தில் நினைத்து, வெட்டி, தைத்து, கழுவி, மடித்துக் கொடுத்தால் அது பரிசு. இரண்டுக்கும் இடையில் இருப்பது உழைப்பு ஒன்றே.

துண்டுகளை இணைத்துப் போர்வையாக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியது அன்று. வங்காளத்தார் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்வதற்குக் 'காந்தா' என்று பெயர். நாம் கந்தை என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே சொல்தான். அவர்கள் கந்தையைச் சித்திரமாக்கினார்கள், நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். பீகாரில் பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்கென்று பழந்துணியால் 'சுஜனி' தைக்கும் வழக்கம் இருந்தது. கருநாடகத்தின் 'கௌதி'யும் மராட்டியத்தின் 'கோதடி'யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம் தமிழகத்திலும் பாட்டிமார் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூட்டி, பிள்ளைகளுக்கு விரித்தும் போர்த்தியும் வந்தனர். ஆலைப் போர்வை மலிந்த பிறகு அந்த ஊசி ஓய்ந்துவிட்டது.

விவசாய அன்பர்களுக்காக இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தர் பெருமான் ஒரு முறை மகத நாட்டு நெல்வயல்களைக் கண்டு, வரப்புகள் நீளமும் குறுக்குமாக ஓடிப் பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும் அழகை ஆனந்தருக்குக் காட்டி, துறவிகளின் ஆடையை இவ்வாறு அமைக்க இயலுமா என்று கேட்டதாகப் பௌத்த விநய நூல் கூறுகிறது. ஆனந்தர் அவ்வாறே துண்டுகளை வெட்டி இணைத்து அமைத்தார். இன்றும் பௌத்தத் துறவியின் ஆடையை விரித்துப் பார்த்தால் வயலும் வரப்பும் தெரியும். வெட்டித் தைத்த துணியைத் திருடனும் விரும்பமாட்டான் என்பது அதில் அடங்கிய உலகியல் அறிவு! மழைக்காலத் தவம் முடிந்ததும் ஊரார் கொடுக்கும் துணியை, துறவிகள் ஒன்று கூடி ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமிட்டு, தம்முள் ஒருவருக்கு அளிக்கும் 'கடினம்' என்னும் விழா, நம் கரைக்கு எதிர்க்கரையான இலங்கையில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

தங்கச்சிமடத்தாருக்கோ வெட்டிய துண்டிலிருந்து முழுமையை உண்டாக்கும் தொழில் கைவந்த ஒன்று. தாய்ச்செடியின் குச்சியை வெட்டி மணலில் ஊன்றி வேர்விடச் செய்து, மல்லிகை நாற்றாகத் தமிழகம் எங்கும் அனுப்பி வருகிறீர்கள். அந்தப் பொறுமையில் பாதி இருந்தால் போர்வை தைத்துவிடலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில் பருத்தியையும் செயற்கை இழையையும் பிரித்துவிட வேண்டும். இப்போதைய சேலைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அவை வியர்வையை உறிஞ்சா. ஐயம் தோன்றினால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் நாற்றத்தோடு மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழையானால் உருகிக் கெட்டியான மணியாக உருளும். குழந்தைக்கு உரிய போர்வையில் பருத்தியைத் தவிர வேறொன்றும் சேரலாகாது. படகு இயந்திரம் துடைப்பதற்கு வாங்குகிறீர்களே, திருப்பூர் பனியன் கழிவு, அதுவும் பருத்திதான். ஆயினும் பின்னல் துணியாதலால் இழுத்தால் நீளும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் தொங்கும். அதைத் தனியே வையுங்கள்.

அடுத்தபடியாகத் துணிகள் அனைத்தையும் துவைக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. தீவின் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. உப்பு நீரில் அலசிய துணியில் உப்பு தங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் போர்வை பிசுபிசுத்துப் பூசணம் பூக்கும். எதில் துவைத்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

சாயத்தையும் சோதிக்க வேண்டும். இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். நாம் முதன்முதலாகத் தைத்தது, உடன்பிறந்தாள் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. மூன்று வாரம் உழைத்தோம். புதிய சிவப்புத் துண்டு ஒன்று. கண்ணைப் பறிக்கும் நிறம். அதைத் துவைக்காமலே நடுவில் வைத்துவிட்டோம். முதல் சலவையில் வெள்ளைச் சதுரங்கள் அத்தனையும் வெற்றிலைச் சாறு துப்பியது போல் ஆயின. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போர்வையைத் திண்ணையில் விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததை அடுத்த முறை சென்றபோது கண்டோம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அத்துண்டை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு அழகாயிருந்தாலும் சரி.

அளவைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு, அதை அச்சாக வைத்து எண்பது சதுரங்கள் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். வரிசைக்கு எட்டாகப் பத்து வரிசை சேர்த்தால் 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் உள்ள மேல்துணி ஆயிற்று. கரும் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வருமாறு தரையில் பரப்பி, சற்றுத் தள்ளி நின்று பார்த்து மாற்றி அடுக்குங்கள். இதில் ஆளுக்கொரு கருத்து எழும், சச்சரவும் எழும். அது நல்லதே.

அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் இரண்டு மடிப்புகளுக்கும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நைந்து மென்மையான ஒரு நூல்சேலை போதும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் சுமார் 4 மீட்டர் இம்மூன்று படலங்களுக்கும் செலவாகும். மிஞ்சியதை இரண்டரை அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் சுற்றுக்கரைக்குச் சரியாக இருக்கும். சுருக்கமின்றி அடித்துணியை விரித்து, அதன்மேல் நடுப்படலங்கள், அதன்மேல் மேல்துணி என்று வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தற்காலிகமான பெருந்தையல் போட்டுவிட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். பின்னர், மூன்றையும் பற்றிச் செல்லுமாறு சிறிய ஓட்டுத் தையல். தையற்பொறி உள்ளவர்கள் சதுரங்களைப் பொறியில் இணைத்துக்கொள்ளலாம்; படலங்களை ஒன்றாக்கும் இந்தத் தையலை மட்டும் கையால் செய்வதே நன்று. ஊசி கடற்காற்றில் துருவேறும். துருக்கறை துணியை விட்டுப் போகாது. மூடியுள்ள டப்பியில் போட்டு வையுங்கள்.

தையல் பெண்கள் வேலை என்று ஆடவர் யாரும் பின் வரிசைக்கு நகர வேண்டாம். துணிப் பாய் கட்டி வத்தை ஓட்டிய காலத்தில் அந்தப் பாயைத் தைத்ததும், கிழிந்தால் ஒட்டுப் போட்டதும் இந்தக் கடற்கரையின் ஆடவர்களே. இன்றும் மணற்பரப்பில் உட்கார்ந்து வலை பொத்தும் கைகளைவிட நிதானமான கைகளை நாம் எங்கும் கண்டதில்லை.

கைக்குழந்தைக்கு அளிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை முகத்தின்மேல் ஏறி மூச்சை அடைக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆகையால் இதைத் தூளிக்குள் வைக்காமல், குழந்தை விழித்து விளையாடும்போது தரையில் விரிப்பதற்கும், பின்னர் வளர்ந்த பிள்ளை போர்த்திக்கொள்வதற்கும் என்று சொல்லியே கொடுங்கள்.

எந்தத் துணியை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பது பற்றியும் பேச வேண்டும். இது செய்முறையைவிடக் கடினமான பகுதி.

இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் நீராடும் யாத்திரிகர் பலர் ஈரத் துணியைக் கடலிலேயே விட்டுச் செல்கின்றனர். அவை கரையில் ஒதுங்கிக் குவிவதையும், துப்புரவுப் பணியாளர் அள்ளி அப்புறப்படுத்துவதையும் அறிவீர்கள். "அத்தனையும் இலவசமாகக் கிடைக்கும் துணிதானே, போர்வைக்கு எடுத்துக்கொள்ளலாமே" என்று ஓர் இளைஞர் நம்மிடம் யோசனை கூறினார். அவருடைய சிக்கனத்தைப் பாராட்டினோம், யோசனையை ஏற்கவில்லை. முன்னோர்க்குக் கடன் கழித்து, துக்கத்தோடு விடப்பட்ட துணி அது. சலவை செய்தால் அழுக்குப் போகலாம். பெறுபவரின் மனத்தில் எழும் கூச்சம் போகாது. பரிசு என்றால் பெறுபவர் பக்கம் நின்றே பார்க்க வேண்டும். அத்துணியைக் கடலில் விடாமல் செய்வது வேறொரு பணி. அதற்கு வேறொரு கூட்டம் போடலாம்.

பெட்டியின் அடியில் இன்னொரு வகைத் துணி இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் சட்டை. இக்கடற்கரையில் அத்தகைய சட்டை மடித்து வைக்கப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. அதைக் கேட்டு வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை. நாம் பணியாற்றிய ஒரு கிராமத்தில், குழுவினர் அனைவரும் துண்டுகள் கொண்டு வந்தபோது, ஓர் அம்மையார் வெறுங்கையோடு வந்து ஓரமாக அமர்ந்து பிறர் துணியைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். நான்காம் நாள் அவர் மடியிலிருந்து ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தார். "முதுகுப் பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பையுள்ள பக்கம் எனக்கு வேண்டும்" என்றார். கத்தரியை அவரிடமே கொடுத்தோம். அவரே அச்சு அட்டையை வைத்து, அவரே வெட்டினார். நான்கு சதுரங்கள் கிடைத்தன. அவற்றை நடுவில் வைக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். வேண்டாம் என்று அவரே மறுத்து, நான்கு மூலைகளிலும் வைத்தார். அந்தப் போர்வை அவருடைய பேத்தியின் பள்ளித் தோழிக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு அன்று. ஏன் என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

இனி, எல்லாக் குழுக்களிலும் எழும் கேள்வி: "இதை விற்கலாமா?"

மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எட்டுப் பேர் பகல் மூன்று மணி நேரமாக நான்கு நாள் உட்கார்ந்தால் ஒரு சிறு போர்வை முடியும். அது 96 மணி நேரம். எட்டு மணி வேலைநாளாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு ஆள்நாள். பன்னிரண்டு நாள் கூலியை ஒரு குழந்தைப் போர்வைக்கு எந்தச் சந்தையில் கொடுப்பார்கள்? கூலியைக் குறைத்துக்கொண்டு விற்றால், நம் உழைப்பை நாமே மலிவாக்கியவர்கள் ஆவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வறுமையில் வாடிய கறுப்பினப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் ஒரு போர்வைக் கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினர். வாக்குரிமைக்காகப் போராடி, அதன் பொருட்டுப் பலர் குடியிருப்பையும் வேலையையும் இழந்த வட்டாரம் அது. நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து அவர்களுக்கு வேலை வந்தது, வருமானமும் வந்தது. ஆனால் கடைக்காரர்கள் எல்லாப் போர்வைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றனர். 1972இல் ஒரு பெரிய நிறுவனம் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. அந்த உறைகளைத் தைத்து மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம் பிள்ளைகளுக்கும் உறவினர்க்கும் மனம்போல் போர்வை தைத்தனர். 2002ஆம் ஆண்டு தொடங்கிப் பெரிய கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றவை, 'கீஸ் பெண்ட்' என்னும் அவ்வட்டாரத்துப் பெண்கள் கடைக்காக அன்றி வீட்டுக்காகத் தைத்த போர்வைகளே.

ஆகவே விற்கவே கூடாது என்று நாம் தடை விதிக்கவில்லை. கடற்பாசி எடுக்கும் சகோதரிகள் பாறையில் விரல் கிழியாமல் இருக்கப் பழந்துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறார்களே, அவர்களுக்கு வருமானம் தேவையில்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? வருமானத்துக்குப் பை, விரிப்பு, கைப்பிடித் துணி என்று விரைவில் முடியும் பொருள்களைத் தையுங்கள். போர்வையை மட்டும் பரிசுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நமது விண்ணப்பம்.

ஊராட்சி மன்றத்தார் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பணம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு பகல், சமுதாயக் கூடத்தின் திறவுகோலைத் தர வேண்டும். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நல்ல தண்ணீர் வரும் நாளில், துணி அலச நாலு குடம் ஒதுக்க வேண்டும். தையற்கடைக்காரர்கள் வெட்டி எறியும் துண்டுகளைக் குப்பை வண்டியில் சேராமல் தனிச் சாக்கில் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். ஜூலையில் சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவுக்கும், பிறகு தீபாவளிக்கும், கிறிஸ்துமசுக்கும், ரம்ஜானுக்கும் அந்தக் கடைகளில் மலைபோல் துண்டுகள் சேரும். எல்லாச் சமயத்தாரின் புத்தாடையும் கலந்த சாக்கு அது. அதை வாங்கி வர ஒரு மன்ற உறுப்பினர் பொறுப்பேற்றால் போதும்.

முதல் போர்வை யாருக்கு என்று காலையில் கேட்டீர்கள். அங்கன்வாடிப் பிள்ளைகள் நண்பகல் உணவுக்குப் பின் தரையில் படுத்து உறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தோம். பாய் இருக்கிறது, ஓரமெல்லாம் கோரை நீட்டிக்கொண்டு முதுகில் குத்துகிறது. இத்தீவில் போர்வை எதற்கு என்று கேட்ட நண்பருக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. மேலே போர்த்தாவிட்டால் என்ன, கீழே விரிக்கலாம். உங்களுக்கு உடன்பாடானால் அங்கிருந்தே தொடங்குவோம். அங்குள்ள பணியாளரிடம் எத்தனை பிள்ளைகள், எத்தனை அளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாக முடிவு செய்துகொண்டு போக வேண்டாம்.

இன்று வரும்போது ஆளுக்கொரு துண்டு கொண்டு வருமாறு சொல்லியிருந்தோம். மேசையில் இப்போது முப்பத்திரண்டு துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பாலியெஸ்டர் ஏழு; சாயம் போகக்கூடிய சிவப்பு ஒன்று, அதைக் கொண்டு வந்தவர் மன்னிப்பாராக. மீதி இருபத்து நான்கு. எண்பதுக்கு இன்னும் ஐம்பத்தாறு வேண்டும். அடித்துணிக்குத் தம் தாயாரின் நூல்சேலையைத் தருவதாக முன் வரிசையில் ஒருவர் கூறியிருக்கிறார். அட்டை அச்சு மூன்று வெட்டி வைத்திருக்கிறோம். புறப்படும்போது எடுத்துச் செல்லுங்கள். வரும் வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு இதே கூடத்தில் கூடுவோம். கத்தரிக்கோல் உள்ளவர்கள் சாணை பிடித்துக் கொண்டு வாருங்கள்.